இரண்டு பக்கமும் குரல் கேட்க வேண்டும்

பெட்டியைப் பிரித்துத் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அடியில் உன் கறுப்புப் பை கிடந்தது. டெஸ்ட் போனை வைத்துக்கொள்ள நீ எங்கேயோ மலிவாக வாங்கிய ஜிப் பை. திறந்ததும் நீலகிரித் தைல வாசனை அறை முழுக்கப் பரவியது. எப்போதோ நீ அதற்குள் கொட்டிக் கவிழ்த்த தைலம். விமான நிலையத்தில் சோதனை போட்டவர்கூட மூக்கைச் சுளித்துக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் தலைவலி மட்டும் இன்னும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது.

உனக்கு எழுதுவேன் என்று நினைத்ததில்லை. செத்துப்போனவர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் போடுகிறவர்களைப் பார்த்து நாம் இருவரும் சேர்ந்து சிரித்தவர்கள்தானே. ஆனால் தீவில் நடந்ததை வேறு யாரிடம் சொன்னாலும் என்னை ஈவிரக்கம் இல்லாதவள் என்பார்கள். நீயும்தான் சொல்வாய். உன்னிடம் திட்டு வாங்குவது எனக்குப் புதிதில்லை.

டெக்சாஸில், டல்லாஸிலிருந்து வெகுதூரம் தள்ளி, வேலியும் மாடும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில்தான் உன்னை முதலில் பார்த்தேன். அந்தப் பக்கத்துச் சின்ன செல்போன் கம்பெனி ஒன்று புது டவர் போட்டிருந்தது. கருவிகளை விற்ற வெளிநாட்டுக் கம்பெனியின் இன்ஜினியர் நீ. எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்து, செல்போன் கம்பெனி சார்பில் கையெழுத்துப் போட வந்தவள் நான். கடைசிச் சோதனை, வெளிநாட்டுக்கு ஓர் அழைப்பு. மறுமுனையில் மனிதர் எடுக்க வேண்டும், இரண்டு பக்கமும் குரல் கேட்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாரும் தங்கள் கம்பெனி ஆட்களையே கூப்பிட்டு ஒப்பேற்றுவார்கள். நீ மனப்பாடமாக ஓர் எண்ணை அழுத்தினாய். "அப்பா" என்றாய். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

"கட் ஆயிடுச்சு போல. இன்னொரு வாட்டி டிரை பண்ணுங்க" என்றேன்.

"கட் ஆவல. வச்சிட்டாவ" என்று நீ போனைப் பையில் போட்டாய். "அவுக ஹலோ சொன்னது எனக்குக் கேட்டுது. நான் பேசுனது அவுகளுக்குக் கேட்டுது. கேக்காமலா வைப்பாவ? ரெண்டு பக்கமும் வாய்ஸ் இருக்குல்லா. பாஸ் போடுங்க."

நான் பாஸ் போட்டேன். விதிப்படி நீ சொன்னது சரி.

திரும்பும் வழியில் ஃப்ரீவே ஓரக் காபிக் கடையில்தான் மீதியைச் சொன்னாய். பாளையங்கோட்டை வீடு, தொலைபேசி இலாகாவில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா. மழையில் அறுந்துபோன லைனைச் சரிபண்ணச் சோற்றுத்தட்டில் கையைக் கழுவிவிட்டு ஓடின மனிதர். அவரே பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை உன்னை அடித்தான். நீ அவனை விட்டு வெளியே வந்தாய். "ஞாயித்துக்கெழம சபையில நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உக்காருவேன்? இனிமே இந்த வீட்டு நம்பருக்குப் போன் பண்ணாத" என்று அவர் சொல்லிவிட்டார். ஊரெல்லாம் லைன் இழுத்துக் கொடுத்தவர் பெற்ற பெண்ணின் லைனை மட்டும் அறுத்தார். இதை நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்கு அவரை அன்றைக்கே பிடிக்காமல் போய்விட்டது.

அதன் பிறகு எந்த டவருக்கு உயிர் கொடுத்தாலும் உன் வெளிநாட்டுச் சோதனை அந்த ஒரே எண்தான். அவர் எடுப்பார், ஹலோ என்பார், நீ அப்பா என்பாய், வைப்பார். கூட வேலை பார்த்தவர்கள் மத்தியில் அது வேடிக்கையாகவே ஆகிவிட்டது. "இன்னிக்கு நைனா எப்படி?" என்று நானே கேட்டிருக்கிறேன். "சூப்பர். சிக்னல் கிளியரா இருந்துச்சு" என்பாய்.

ஒரு தடவை எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டி இப்படி அடி வாங்கிட்டே இருக்கே? விட்டுத் தொலையேன்" என்றேன்.

"ஏட்டி, தெரியாத நம்பர்னா எடுக்காம இருக்கலாம்லா? எடுக்காவல்லா?" என்றாய். "ஒருநாள் வைக்க மறந்திருவாவ."

உனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவர் ஒருநாள், ஒரே ஒருநாள், வைக்காமல் இருக்க வேண்டும்.

பிறகு உன் கம்பெனி உன்னைப் பசிபிக்கில் ஒரு தீவு நாட்டுக்கு அனுப்பியது. நாடு முழுவதற்கும் செல்போன் வலை. மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து கடைசி டவர்வரை ஏற்றினாய். மீன் தின்று தின்று நீயே நாறுவதாகப் புலம்பினாய். அங்கிருந்தும் அப்பாவைக் கூப்பிட்டாய். நீ இன்னொரு கடலைத் தாண்டிப் போயும் அவர் வைத்துவிட்டார்.

அப்புறம்தான் இங்கே அமெரிக்க அரசாங்கத்துக்கு விழிப்பு வந்தது. உன் கம்பெனியின் கருவிகள் நம்பத் தகாதவை, அவற்றின் வழியாக யாரோ ஒட்டுக் கேட்கலாம், யாரோ ஒருநாள் எல்லாவற்றையும் அணைத்தும் விடலாம் என்றார்கள். அது உண்மையா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. இருக்கலாம். ஒரு சின்ன நாட்டின் பேச்செல்லாம் அடுத்தவன் கையில் இருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் கருவிகளுக்கு வைத்த பெயர் உனக்கும் ஒட்டிக்கொண்டது. உன் டெக்சாஸ் ஆபீஸை மூடினார்கள். அதன் பிறகு எங்கே அப்ளை பண்ணினாலும் இன்டர்வியூவில் அந்தக் கம்பெனியின் பெயர் வந்ததும் எதிரே இருப்பவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொள்வார் என்று சொன்னாய். "சொறி வந்தவள பாக்க மாதிரி பாக்கான்" என்பது உன் வார்த்தை.

நட்பு நாடுகளில் அந்தக் கருவிகளைப் பிடுங்கிவிட்டு வேறு வைக்க அரசாங்கமே உதவும் என்று அறிவிப்பு வந்தது. உன் தீவின் வேலை, கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் நான் இப்போது இருக்கும் கம்பெனிக்குக் கிடைத்தது. உன்னை விட்டால் அந்த வலையைத் தெரிந்தவர் இங்கே யாரும் இல்லை. கான்ட்ராக்டில் உன்னை உள்ளே கொண்டுவந்தேன். என் வீட்டு மாடி அறையிலேயே தங்கினாய். முதல் நாள் மீட்டிங்கில் எங்கள் மேனேஜர் சுரேஷ் குழைந்து குழைந்து பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இது கவர்ன்மென்ட் ப்ராஜெக்ட். பேக்ரவுண்ட்ல அந்த கம்பெனி பேரு இருந்தா சைட்டுக்கு அனுப்ப முடியாது, சிஸ்டம்ல லாகின்கூட தர முடியாது. நீங்க பிளான் மட்டும் பண்ணிக் குடுங்க. நம்ம டீம் போய் முடிச்சிடும்."

"அப்ப நான் கெட்டுன வீட்ட எப்படி இடிக்கணும்னு நானே சொல்லித் தரணும். ஆனா வாசப்படி மிதிக்கக் கூடாது. அப்படித்தான?"

"அப்படிச் சொன்னா எப்படி மேடம்..."

"சரின்னுதான் சொல்லுதேன்" என்றாய்.

சொன்னபடி செய்தாய். எந்த டவரை முதலில் தொடுவது, எந்தத் தீவில் படகு நிற்காது, எந்த அறையில் எலி வயரைக் கடிக்கும், எல்லாம் எழுதிக் கொடுத்தாய். பழையதை அணைத்துப் புதியதற்கு மாற்றும் வேலையை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்கச் சொன்னதும் நீதான். அந்த நேரத்தில் தீவே ஆராதனைக்குக் கோயிலில் இருக்கும், போனைத் தொட ஆளிருக்காது. அரசாங்கத்துக்குப் போன பிரதியில் உன் பெயர் இல்லை. அந்தப் பெயர் இருந்தால் கேள்வி வரும் என்றார் சுரேஷ். நீ தோளைக் குலுக்கினாய். வீட்டுக்கு வந்து நெற்றி முழுக்கத் தைலத்தைப் பூசிக்கொண்டு படுத்தாய்.

நாம் வெறும் தலைவலி என்றுதான் நினைத்தோம். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு முதலில் கதவைச் சாத்தினார். மூளையில் கட்டி, முற்றிவிட்டது என்றார்.

ஆஸ்பத்திரியில் அப்பாவைக் கூப்பிடச் சொல்லி நீ ஒருபோதும் கேட்கவில்லை. ஆனாலும் நான் உன் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றபடி என் போனிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டேன். எனக்கும் அது மனப்பாடமாகிவிட்டிருந்தது.

"அங்கிள், நான் உங்க பொண்ணோட ஃப்ரெண்ட் பேசறேன், கலிஃபோர்னியாலேர்ந்து. அவ ஹாஸ்பிட்டல்ல இருக்கா. ரொம்ப நாள் இருக்கமாட்டா. ஒரு வார்த்தை பேசிடுங்க அங்கிள், ப்ளீஸ்."

மூச்சு விடுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. சுவர்க் கடிகாரம்கூடக் கேட்டது.

"ராங் நம்பர்" என்றார். வைத்துவிட்டார்.

என் முகத்தைப் பார்த்தே உனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நீ கேட்டது வேறு. "எடுத்தாவளா?"

"எடுத்தாரு."

"பேசுனாவளா?"

"ஒரு வார்த்தை."

உதடு வெடித்திருந்தது உனக்கு. அதோடு சிரித்தாய். "பாஸ் தான?" என்றாய்.

அதற்குப் பிறகு நீ பேசவில்லை. மறுநாள் போய்விட்டாய். உன் சித்தி மகன் மூலமாக ஊருக்குச் சொல்லி அனுப்பினேன். அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது என்று மட்டும் பதில் வந்தது. இங்கே தமிழ்ச் சபைக்காரர்கள் கொஞ்சம் பேர் வந்து பாட்டுப் பாடினார்கள். சுரேஷ் பூங்கொத்து அனுப்பினார், வேலைக்கு நடுவில் வர முடியவில்லை என்று. நீ எழுதிக் கொடுத்த பிளான் பிரமாதமாக இருக்கிறது என்று அதே வாரம் மின்னஞ்சலும் அனுப்பினார், எனக்கு.

போன வாரம் அந்தப் பிளானை எடுத்துக்கொண்டு தீவுக்குப் போனேன். கடலோரத்து அறையில் உன் கருவிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. வயர்களை நீ கட்டியிருந்த அழகைப் பார்த்து, அங்கிருந்த நரைத்த தலைக்காரர், தீவுக் கம்பெனியின் இன்ஜினியர், உன்னை விசாரித்தார். அந்த அம்மா ஏன் வரவில்லை என்றார். செத்துப்போனாள் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். உன் சாவுக்கு அப்படிச் செய்த ஒரே மனிதர் அவர்தான்.

ஞாயிறு காலை. வெளியே கோயிலில் பாட்டுச் சத்தம். உன் கருவியின் சுவிட்சை நானே அணைத்தேன். விசிறி நின்றுபோகும் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. புதியது எழுந்தது. ஒவ்வொரு சோதனையாகத் தேறியது. கடைசியில் வெளிநாட்டு அழைப்பு. அந்த நேரத்தில் உன் ஊரில் இன்னும் விடிந்திருக்காது. உன் அப்பா ஜெபம் பண்ண எழுந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். உன் டெஸ்ட் போனில் தீவின் சிம்மைப் போட்டு அந்த எண்ணை அழுத்தினேன்.

முதல் மணியிலேயே எடுத்தார். ஹலோ சொல்லவில்லை.

"யம்மா" என்றார். "தாயி, நீ இல்லன்னு தெரியும். இருந்தாலும் இந்த மாதிரி நம்பர் வந்தா... வச்சிராத. யாரு பேசுதது? அவ கூட இருந்த பிள்ளையா? நல்லா இருப்ப, ஒண்ணே ஒண்ணு சொல்லு. கடைசில அவ என்ன சொன்னா? என்னயப் பத்தி எதுவும் சொன்னாளா?"

வைக்க மறந்துவிட்டார். நீ கேட்டது அதுதானே. உனக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது.

அழுகிறார் என்று தெரிந்தது. வயதான மனிதர், தனியாக இருக்கிறார் என்றும் தெரியும். எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தேன், வரவில்லை. ஆஸ்பத்திரியில் உன் வெடித்த உதடுதான் கண்முன் வந்தது. ஆனால் என் குரலும் அவருக்குக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் சோதனை முடியாது.

"ராங் நம்பர் அங்கிள்" என்றேன். வைத்தேன்.

தீவு இன்ஜினியர் என்னைப் பார்த்தார். பாஸ் என்றேன். அவர் குறித்துக்கொண்டார்.

நீ திட்டுவாய். "எங்கப்பாவ நீ யாருட்டி தண்டிக்கதுக்கு?" என்று என் பையைத் தூக்கி எறிவாய். எறிந்துகொள். உனக்கு அவர் அப்பா, எனக்கு இல்லை. எனக்கு நீதான் இருந்தாய்.

சிம்மை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன், தீவுக் கம்பெனியின் சோதனை எண் அது. இன்றைக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அந்த இன்ஜினியரிடமிருந்து செய்தி. இந்தியாவிலிருந்து ஒரு முதியவர் அந்த எண்ணுக்குத் தினமும் கூப்பிடுகிறாராம். என்ன மொழி என்று புரியவில்லையாம், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாராம், பாவமாக இருக்கிறதாம். என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தார்.

பையை மடியில் வைத்துக்கொண்டு பதில் எழுதினேன். எடுங்கள், ஹலோ சொல்லுங்கள், பிறகு வைத்துவிடுங்கள், லைன் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது போதும் என்றேன். அனுப்பிவிட்டேன்.

அவர் கேட்ட உன் கடைசி வார்த்தை என்னிடம் இருக்கிறது. நான் சாகும்வரை அது என்னிடமே இருக்கும்.