மாசோக் ஹூத்தான்

அக்கா,

நேற்று பிரிஞ்சாங் சந்தையில் கோஸ் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கடைச் சீனர் பழைய ராணுவ மழைக்கோட்டுகளை அவசர அவசரமாக உள்ளே இழுத்தார். நனைந்த பச்சைத் துணியின் அந்த ரப்பர் வாடை மூக்கில் ஏறியதும் கோஸை அப்படியே போட்டுவிட்டு வந்தேன். உங்களிடம் ஓடிவந்து சொல்லவேண்டும் போலிருந்தது. நீங்கள் கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அன்றைக்கும் இதே வாடைதான். எழுபதுகளின் தொடக்கம் அது. நம் லயத்து வீடுகளுக்கு மேலே, தேயிலை முடிந்து பெருங்காடு தொடங்குமிடத்தில், யாரோ புதைத்துவைத்த அரிசி டின் அகப்பட்டது என்று ராணுவம் வந்து இறங்கியது. உள்ளே ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு எஸ்டேட்டிலிருந்துதான் சோறு போகிறது என்று அவர்களுக்குச் சந்தேகம். வீடு வீடாக ஆள் எண்ணினார்கள். உங்கள் வீட்டில் ஓர் ஆள் குறைந்தது. உங்கள் தம்பி மேல்மலையில் தேயிலைக்குக் கவாத்து வெட்டப் போயிருந்தான்.

"அடேக் மானா?" என்று சார்ஜன் கேட்டார். தம்பி எங்கே என்கிறார் என்பது உங்களுக்குப் புரிந்தது. வேலை செய்கிற மலையை நாம் காடு என்றுதானே சொல்வோம்? வேலைக்குப் போனவன் காட்டுக்குப் போயிருக்கிறான், அவ்வளவுதான். காட்டுக்கு மலாயில் ஹூத்தான் என்று சந்தையில் கற்றுவைத்திருந்தீர்கள். "மாசோக் ஹூத்தான், துவான்" என்று மரியாதையாகப் பதில் சொன்னீர்கள். காட்டுக்குள் போய்விட்டான், ஐயா. அந்தக் காலத்தில் ராணுவத்தின் காதில் அதற்கு ஒரே அர்த்தம்தான், துப்பாக்கி தூக்கப் போய்விட்டான் என்று. பக்கத்து வீட்டு வாசலில் நின்ற நான், "லாடாங் துவான், லாடாங்! தோட்டத்துக்குத்தான் போயிருக்கான்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் கேட்டார்கள்? லோரி மேல்மலைக்குக் கிளம்பிவிட்டது. கவாத்துக் கத்தியோடு நின்றவனை அப்படியே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

கேஸும் இல்லை, கோர்ட்டும் இல்லை. "பாதுகாப்பு விஷயம்மா, நாம வாய் திறக்க முடியாது" என்று கைவிரித்தார் எஸ்டேட் ஆபீஸ் கிராணி. நீங்கள் கொழுந்து பறிக்கும்போது மேலே அந்தக் காட்டைப் பார்க்காமல் முதுகைக் காட்டியே நிரை பிடித்தீர்கள்.

பிறகு ஒருநாள் ரேடியோவில் அந்தச் செய்தி. நம் பிரதமர் பீக்கிங் போய்ச் சீனத் தலைவர்களோடு கைகுலுக்கிவிட்டார், இனி இரண்டு நாடும் சிநேகம். கூடையைக்கூட இறக்காமல் கிராணி வீட்டுக்கு ஓடினீர்கள். நானும் பின்னாலேயே வந்தேன்.

"கிராணியாரே, காட்டுல இருக்கவங்களுக்குப் பெரிய ஆளு சீனாக்காரன்தானே? அவன்கூடவே கூட்டாளி ஆயாச்சுல்ல? அப்ப என் தம்பிய விட்ருவாங்கதானே?"

"அது வேற, இது வேற லா. அது நாட்டுக்கு நாடு பேசுறது. இது உள்ள நடக்குற சண்டை."

"அதெப்படிங்க? முன்வாசல்ல ஒக்கார வச்சு காப்பி குடுத்துட்டு, பின்வாசல்ல போட்டு அடிப்பாங்களா?"

கிராணி சிரித்துவிட்டார். எனக்கு அவர் மேல் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு நான் பேப்பர் படிக்கக் கற்றுக்கொண்டதே உங்கள் கேள்விக்காகத்தான். ஓரளவு புரிந்தது. வெள்ளைக்காரன் தன் பட்டாளத்தை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். அமெரிக்காக்காரன் வியட்நாமில் களைத்துப் போயிருந்தான். சின்ன நாடு யாரை நம்பும்? எவன் பக்கமும் சாயாமல் எல்லாரோடும் சிரித்துப் பேசிவைப்போம் என்று முடிவெடுத்தார்கள். சீனாவோ, அரசாங்கத்தோடு உறவு வேறு, காட்டிலிருக்கும் கட்சிக்காரனோடு உறவு வேறு என்று இரண்டையும் வைத்துக்கொண்டது. அதனால் நம் ராணுவமும் காட்டில் வேட்டையை நிறுத்தவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ. ஆனால் இத்தனை யோசித்தவர்களில் ஒருத்தருக்குக்கூட, தமிழில் காடு என்றால் என்ன என்று கேட்கத் தோன்றவில்லையே.

தம்பி இரண்டு தீபாவளி கழித்து வந்தான். மலை வேலையே வேண்டாமென்று ரிங்லெட்டில் காய்கறி லோரிக்கு மூட்டை ஏற்றப் போனான். நீங்களும் பழைய ஆளாக இல்லை. மலாய் பேசுவதையே விட்டீர்கள். கடையில் விரலை நீட்டிக் காட்டுவீர்கள், இவளுக்குத் திமிர் என்றார்கள். தம்பிக்குச் சோறு போடும்போது முகத்தைப் பார்க்கமாட்டீர்கள். "என் வாயாலதான் அவன் போனான். தெரிஞ்சா என் மூஞ்சியிலயே முழிக்கமாட்டான். நீ சொல்லிராத" என்று என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள்.

போன வாரம் தம்பி என் வீட்டுக்கு வந்திருந்தபோது டி.வி.யில் காட்டினார்கள். காட்டுக்குள் மிச்சமிருந்தவர்கள் தாய்லாந்துப் பக்கம் ஆயுதத்தைக் கீழே வைக்கிறார்களாம். சண்டையை முடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டதாம். குடியிருக்க இடம், கைச்செலவுக்குப் பணம் எல்லாம் உண்டாம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "காட்டுக்குள்ள இருந்தவனுக்கே இவ்வளவு. ஒண்ணும் பண்ணாத உனக்கு ஒரு வார்த்தை உண்டாடா?" என்று கத்திவிட்டேன்.

அவன் டி.வி.யை அணைத்தான்.

"புடிச்ச மொத நாளே பட்டாளத்துக்காரங்க சொல்லிட்டாங்கக்கா. 'உன் அக்காவே சொல்லிட்டா, நீயும் ஒத்துக்கோ'ன்னு. எங்கக்கா என்ன சொல்லியிருக்கும்னு எனக்கு அப்பவே புரிஞ்சிருச்சு. காட்டுக்குப் போயிருக்கான்னு மலாய்ல சொல்லியிருக்கும். பாவம், அதுக்குத் தெரிஞ்ச மலாய் அவ்வளவுதான்."

"அப்ப உன் அக்காகிட்ட ஏன்டா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா, எனக்குத் தெரியும்னு அதுக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் எங்கக்கா உயிரோட இருக்காதுக்கா."

அவன் உங்கள்மேல் ஒருநாளும் கோபப்படவில்லை, அக்கா. நீங்கள் குனிந்துகொண்டே போட்ட சோற்றை எல்லாம் தெரிந்துகொண்டேதான் அவன் சாப்பிட்டிருக்கிறான். நீங்கள் வாங்கிய சத்தியத்தை நான் கடைசிவரை காப்பாற்றினேன். காப்பாற்றாமல் இருந்திருந்தால் நீங்கள் ஒரு வேளையாவது அவன் முகத்தைப் பார்த்துப் பரிமாறியிருப்பீர்கள்.