உன் பேரைச் சொல்லி மாற்றிய அடுப்பு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம், அங்கே உன் இருமல் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன், விடாவிட்டால் கடையில் எதையாவது வாங்கி விழுங்காமல் டாக்டரைப் போய்ப் பார்.

வீட்டை முழுக்க மின்சாரத்துக்கு மாற்றுங்கள், செலவு குறையும் என்று நீ போனில் பாடம் எடுத்தபோது எனக்குப் பாதி நம்பிக்கைகூட இல்லை. அதனால்தான் ஒவ்வொன்றாகப் போனேன், முதலில் எல்இடி விளக்குகள், பிறகு கூடத்துக்குக் கரன்ட் குறைவாக இழுக்கும் மின்விசிறி, பிறகு குளியலறையில் கேஸ் ஹீட்டரை எடுத்துவிட்டுக் கரன்ட் ஹீட்டர். ஒவ்வொரு தடவையும் மீட்டரைப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட்டேன். மிச்சமானது நீ அளந்த அளவுக்கு இல்லை, ஆனால் பொய்யும் இல்லை. சமையலறையைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன், அது அப்பாவின் ராஜ்ஜியம், வேலையை விட்ட பிறகு அவருக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

போன மாதம் ஒரு மதியம் ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்தேன், வாசல் கதவைத் திறந்ததுமே கேஸ் நாற்றம். பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது, அப்பா பக்கத்திலேயே நின்று நிதானமாக வெங்காயம் நறுக்குகிறார். நான் ஓடிப்போய் கேஸை மூடி ஜன்னலைத் திறந்தேன். “இப்பத்தான் அணைஞ்சிருக்கும்” என்றார். வீடு முழுக்கப் பரவியிருந்தது. போன வருஷம் அவரைப் படுக்கையில் தள்ளிய அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு வாசனை திரும்பவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேராகக் கேட்டிருந்தால் மறுநாள் முதல் அடுப்படிப் பக்கமே வரமாட்டார், அவரை எனக்குத் தெரியும். அதனால் உன் பேரைச் சொன்னேன், மகள் பிடிவாதம் பிடிக்கிறாள், உடனே இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கியாக வேண்டுமாம் என்று. ஆச்சரியமாக, அவர் சண்டையே போடவில்லை. காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் அதில் சூடாகும் என்று ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துக்கொண்டு பாத்திரம் பாத்திரமாக வைத்துப் பார்த்தார், ஒட்டாததையெல்லாம் “நீ ஃபெயில்” என்று ஓரங்கட்டினார்.

அடுப்புக்குத் தனி வயர் இழுக்க எலக்ட்ரீஷியன் வந்த அன்று நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கேஸ் நன்றாகத்தானே எரிகிறது, ஏன் சார் மாற்றுகிறீர்கள் என்று அவர் கேட்டார். “மூக்கு போச்சுப்பா. வீட்டுல கண்டுபிடிச்சுட்டாங்க, ஆனா பொண்ணு மேல பழியைப் போட்டு என்னை ஏமாத்துறாங்க. நானும் ஏமாந்துட்டு இருக்கேன், பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டு நடிக்கிறாங்க” என்றார் உன் அப்பா. நான் மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தேன்.

சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. முதல் இரண்டு நாள் எல்லாம் கருகியது, இப்போது நிறம் பார்த்துச் சமைக்கப் பழகிவிட்டார். தாளித்தால் மட்டும், “எனக்குக் கை வேலையா இருக்கு, மணம் வந்துடுச்சான்னு பாரு” என்று கூப்பிடுகிறார். நானும் எழுந்து போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாயிரு, நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, அடுப்பை மாற்றச் சொல்லி அடம்பிடித்தவள் நீதான். அப்பா திட்டுவார், வாங்கிக்கொள்.

உன்
அம்மா