குல்லாவுக்கு மேல் சுற்றிய டேப்

அக்கா,

உங்களுக்கு எழுதுவதே அதிகப்பிரசங்கித்தனமோ என்னவோ. நீங்கள் இருந்தபோது சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாதவள், இப்போது பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை உங்கள் மகள் என் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டாள். பொம்மையை மடியில் கிடத்தி, அதன் கம்பளிக் குல்லாவைக் கழற்றிக் கீழே வைத்தாள். பிறகுதான் தலையைச் சுற்றி டேப்பைப் போட்டாள். அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அன்று நான் கழற்றவில்லையே அக்கா.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். முதல் வேலை, மஞ்சூர் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் லயன்களில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் எடை, உயரம், தலைச் சுற்றளவு எழுதுவது. பனி ஏறிவிடும் என்று உங்கள் மாமியார், கைக்குழந்தையாக இருந்த இவள் குல்லாவைத் தொடவே விடமாட்டார். நம் மலையில் எந்த வீட்டில்தான் விடுவார்கள்? எதிர்த்துப் பேச வாய் வராமல் குல்லாவுக்கு மேலேயே டேப்பைச் சுற்றி, கம்பளிக்குக் கொஞ்சம் கழித்து எழுதிக்கொண்டேன். இரண்டு மாதம் அப்படித்தான். அடுப்படியில் இருந்தபடி நீங்கள் சிரித்தீர்கள்.

"குல்லா நல்லா வளருதுன்னு எழுதிக்க அம்மிணி."

கேலி என்று நினைத்தேன். அது பயம் என்று மூன்றாம் மாதம்தான் தெரிந்தது. மாமியார் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நீங்கள் என்னை உள்ளே கூப்பிட்டீர்கள். அன்றுதான் அவள் தலையை முதன்முதலாகப் பார்த்தேன். பக்கங்களில் ஒடுங்கி, முன்னும் பின்னும் நீண்டு, கவிழ்த்த படகு போல இருந்தது. என் விரலைப் பிடித்து நடு உச்சியில் வைத்தீர்கள்.

"வரப்பு கட்டியிருக்குது பாரு. நான் தலையைச் சரியா உருட்டலைன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் தெனமும் அமுக்கிப் பாத்துட்டேன். அதுல ஆனதா இது?"

மறுநாள் கோயம்புத்தூர் பஸ்ஸில் உங்களோடு ஏறியது மட்டும்தான் என்னால் முடிந்தது.

டாக்டர் தன் இரு கை விரல்களையும் தளர்வாகக் கோத்துக் காட்டினார். பிறக்கும்போது மண்டையோடு ஒரே எலும்பில்லை, பல துண்டுகள். உள்ளே மூளை வளர வளர அந்த இணைப்புகள் இடம் விடுகின்றன. இவளுக்கு நடு இணைப்பு முன்கூட்டியே மூடிவிட்டது என்றார். அறுவை செய்து திறந்துவிடாவிட்டால் மூளைக்கு இடம் போதாமல் போகலாம். பிறகும் வளர்ச்சியைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனையோ குழந்தைகளின் உச்சிக்குழி துடிப்பதைப் பார்த்தவள்தான் நான். அந்தத் துடிப்புக்கடியில் ஒரு வாழ்க்கை முழுவதும் இடம் கேட்டு விரிந்துகொண்டிருக்கிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். "அப்ப, என் கையில்லீங்களா?"

"யார் கையாலயும் வந்ததில்லம்மா. ஆனா கண்டுபிடிச்சது உங்க கைதான்."

கொழுந்துக் கறை ஏறிய உங்கள் விரல்களை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். நானும் பார்த்தேன். என் டேப்புக்குத் தெரியாதது அந்த விரல்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்காக ஒருநாளும் நீங்கள் என்னைக் குத்திக் காட்டவில்லை.

அறுவை முடிந்து கட்டுப் பிரித்த அன்று, காதிலிருந்து காது வரை வளைந்து வளைந்து போன தையலைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினீர்கள். "மண்டையைக் கிழிச்ச புள்ளைன்னு யாரும் சொல்லக்கூடாது. அவகிட்டயும் சொல்லாத." முடி வளர்ந்து மூடியது. அவள் உட்கார்ந்தாள், நின்றாள், நடந்தாள். ஒவ்வொன்றையும் நான் எழுத, நீங்கள் நோட்டைத் தொட்டுப் பார்ப்பீர்கள். போன ஆடி மழையில் வந்த காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு, தொட்டுப் பார்க்க ஆளில்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை அக்கா.

எந்த வீட்டுக்குப் போனாலும் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, "குல்லாவைக் கழட்டுங்க" என்கிறேன். கூச்சப்படாமல் நான் சொல்லும் ஒரே வாக்கியம் அதுதான். அளந்து முடியும்வரை அந்தத் தலையை என் கைகளால் போர்த்தி வைத்திருப்பேன்.

இன்று பொம்மையை அளந்து முடித்தவள், என் விரலை எடுத்துத் தன் முடிக்குள் நுழைத்துத் தழும்பில் வைத்தாள். அன்று நீங்கள் வைத்த அதே மாதிரி.

"சித்தி, இது எந்த ஊர் ரோடு?"

மஞ்சூர் ரோடு என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பவில்லை.

அந்தச் சத்தியத்திலிருந்து என்னை விட்டுவிடுங்கள் அக்கா. உங்கள் விரல்களைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் குல்லாவைக் கழற்றாத என்னைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். இரண்டையும் சொல்லிவிடட்டுமா?