எடை போடாத வீடு

புது ரப்பர் பாயின் வாடை இருக்கிறதே, அதுதான் உன்னை இழுத்துக்கொண்டு வந்தது. இன்று காலை என் பிக்கப்பின் பின்தொட்டியில் அதை விரித்தேன். வெயில் ஏறியதும் சூடாகி நாற ஆரம்பித்துவிட்டது. என் வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். நான் மட்டும் அங்கேயே குந்தி உட்கார்ந்திருந்தேன். நம் தீவில், நான் வேலை பார்த்த லவுத்தோக்கா கராஜின் பின்பக்கம் நீயும் நானும் இப்படித்தான் உட்கார்ந்திருப்போம்.

விஷயம் இதுதான். பிரிஸ்பேனில் வேலையை விட்டாயிற்று. பழசாக ஒரு பயணப் பெட்டி வாங்கியிருக்கிறேன். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். பிக்கப்பின் முதுகில் தள்ளி ஏற்றி, நாலு மூலையிலும் இறுக்கிவிட்டால் போதும், அதுவே வீடு. இந்த ஊர்க் கிழவன் கிழவியெல்லாம் இப்படித்தான் சுற்றுகிறார்கள். நீ இருந்து கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். "டேய், நான் கெதியில்லாம செஞ்சத நீ சொகத்துக்குச் செய்யிறியா?" என்று கேட்டிருப்பாய்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். என் வீட்டில் இதைப் படிக்க ஆள் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்.

நீ பக்கத்துத் தீவின் புலிலேகாவை விட்டு வந்தது, கலகக்காரர்கள் துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் புகுந்து ஆட்களைப் பிடித்து வைத்திருந்த அந்த மாதங்களில். கடைகள் பலகை அடித்துக் கிடந்தன. ரோட்டில் சிப்பாய்கள் நின்று வண்டியைச் சோதித்தார்கள். உன் கரும்புக் காணியின் குத்தகை அதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது, மறுபடி கொடுக்கவில்லை. நிலத்துக்காரர் ஒரு பாயைக் கொண்டுவந்து கொடுத்து உன் கையைப் பிடித்துக்கொண்டாராம். "அவுரும் அழுதாரு, நானும் அழுதேன். அப்புறம் கூரயப் பிரிச்சேன்" என்று சொன்னாய். வீட்டைப் பலகை பலகையாகக் கழற்றி, தகரத்தை அடுக்கி, உன் பிக்கப்பில் ஏற்றிக் கப்பலில் கொண்டுவந்து என் கராஜ் வாசலில் நிறுத்தினாய். முன்சீட்டில் தங்கச்சி மடியில் அம்மிக் குழவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உன் வீட்டுக்காரியை நான் தங்கச்சி என்றுதானே கூப்பிடுவேன். கைக்குழந்தையை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தீர்கள்.

"அம்மி எங்க தங்கச்சி?" என்று கேட்டேன்.

"அது கனம் அண்ணே. இவரு ஏத்த உடல."

நீ இறங்கி வந்து வண்டியின் முதுகைத் தட்டினாய். "இனிமே எவன் நெலத்துலயும் வீடு கட்டமாட்டேன்பா. இது மேலயே கட்டப்போறேன். போன்னு சொன்னா சாவியத் திருப்பிட்டுப் போயிருவேன்." நாந்திப் பக்கம் மார்டின்டாரில் ஓட்டல் வேலைக்காரர்களுக்குத் தங்கச்சி ரொட்டியும் கறியும் போடுவாள், ராத்திரிக்கு அதிலேயே படுக்கை. திட்டம் நல்ல திட்டம்தான். "லவுத்தோக்காவுல யாரத் தெரியும் எனக்கு? நீ இருக்கிற ஊராச்சேன்னுதான் வந்தேன்" என்றாய்.

அப்போதே என் விசாக் காகிதம் பாதி ஆகியிருந்தது. மச்சினன் பிரிஸ்பேனிலிருந்து கையெழுத்துப் போட்டிருந்தான். அந்தக் காலத்தில் நம் ஆட்கள் போன விதம் உனக்குத் தெரியும். விசா கைக்கு வரும்வரை வாயைத் திறக்க மாட்டார்கள். கண் பட்டுவிடும், எவனாவது கெடுத்துவிடுவான் என்று பயம். ஒரு நாள் பார்த்தால் வீட்டில் நாய் மட்டும் நிற்கும். நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ எவன் காகிதத்தைக் கெடுத்தாய்?

கராஜில் எல்லாருக்கும் இந்திதான். நீயும் நானும் மட்டும் தமிழ். மற்றவனுக்குத் தெரியக் கூடாததை அதில்தான் பேசுவோம். அந்தத் தமிழில்தான் உன்னிடம் பொய்யும் சொன்னேன்.

வேலையை ஒழுங்காகச் செய்தேன், அதை மட்டும் சொல்லிக்கொள்ள விடு. உன் வீட்டுப் பலகையில் பெட்டி எழும்பியது. தொட்டியின் பின்கதவைக் கழற்றினேன். பெட்டி வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் பாய் போட்டேன். தொட்டித் தகரத்தில் கட்டினால் பிய்த்துக்கொண்டு போகும் என்று, அடியில் சேஸிஸிலிருந்தே கொக்கி எடுத்தேன். பாரம் பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் விழ வேண்டும் என்று கோடு போட்டு, அடுப்பையும் தண்ணீர்த் தொட்டியையும் முன்பக்கம் தள்ளி வைக்கச் சொன்னேன். கடைசியாக, உடைத்துப் போட்ட கரும்பு லாரி ஒன்றிலிருந்து ஸ்பிரிங் பட்டை எடுத்து, உன் பட்டைக்கு மேல் பக்கத்துக்கு இரண்டு சேர்த்தேன். பெட்டியை ஏற்றினோம். பின்பக்கம் ஒரு விரல்கூட இறங்கவில்லை. நீ கை தட்டினாய்.

அங்கேதான் கோளாறு. நம் கரும்புக்காட்டுப் புத்தி ஒன்று உண்டு. வண்டியின் பின்பக்கம் தொங்கவில்லையா, அப்போது தாங்கும். தலைக்கு மேல் கரும்பை ஏற்றிக்கொண்டு ஆடி ஆடி மில்லுக்குப் போகிற லாரிகளைப் பார்த்து வளர்ந்த புத்தி அது. பட்டை கூடினால் வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். ஆக்சிலுக்கும் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் பாரம் அதே பாரம். நீ விவசாயி, உனக்குத் தெரியாமல் போகலாம். நான் மெக்கானிக், எனக்குத் தெரியும். அந்தப் பிக்கப் எவ்வளவு சுமக்கும் என்று அதன் கதவு ஓரத்தில் தகட்டில் அடித்தே இருந்தது. பெட்டி எவ்வளவு கனம் என்றுதான் தெரியவில்லை. எடை போட்டால் தெரிந்துவிடும்.

நீயே கேட்டாய். "ஆக்சில் தாங்குமாடா?"

"புதன்கெழம மில்லு எடைமேடயில ஏத்திப் பாத்துடறேன். அங்க நமக்கு ஆள் இருக்கு" என்றேன்.

செவ்வாய்க்கிழமை தலைநகரம் சூவாவிலிருந்து எனக்குத் தகவல் வந்தது. விசாவுக்குப் பாஸ்போர்ட்டோடு நேரில் வரவேண்டும், நாளைக்கே. புதன்கிழமை நீங்கள் இரண்டு பேரும் இடம் பார்க்க மார்டின்டாருக்குப் பஸ் ஏறினீர்கள். உங்களுக்கு முன்பே நான் சூவா பஸ்ஸில் ஏறியிருந்தேன். உன் வீடு கராஜ் நிழலில் சும்மா நின்றது. நான் நம் ஆட்களோடு விசா வரிசையில் நின்றேன். ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கவில்லை.

சாயங்காலம் நீ எனக்காகக் கராஜ் வாசலில் காத்திருந்தாய்.

"போட்டியா?"

"போட்டேன்."

"தாங்குமா?"

"நல்லாத் தாங்கும்பா. பயப்படாம ஓட்டு."

வேறு எங்கே போயிருந்தேன் என்று நீ கேட்டுவிடக் கூடாதே என்று அந்தப் பொய் வந்தது. ஒரு பொய்யை மூட இன்னொன்று. சரி, வாயில் வந்துவிட்டது. மறுநாள் காலையில் ஓட்டிக்கொண்டு போய்ப் போட்டிருக்கலாம் இல்லையா? வியாழன் இருந்தது, வெள்ளி இருந்தது. போடவில்லை. எடை கூடுதலாக வந்தால் பெட்டியைப் பிரித்துச் சின்னதாக்க வேண்டும், ஒரு வாரம் ஆகும். எனக்குச் சனிக்கிழமை விமானம். தெரிந்துதான் போகாமல் இருந்தேன். சே!

வியாழக்கிழமை வண்டிக்குப் பூஜை போட்டாய். தேங்காய் சரிபாதியாக உடைந்தது, தங்கச்சி சந்தோஷத்தில் குலவை போட்டாள். சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்தது நீ, கற்பூரத் தட்டைப் பிடித்தது நான். நாலு சக்கரத்துக்கும் நின்று காட்டினேன். வெள்ளிக்கிழமை நங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்தாய். நீ கிண்ணத்தை நீட்ட, நான் கை தட்டி வாங்கிக் குடித்தேன். "ஞாயித்துக்கெழம மொத சவாரி உன்னோடதான்" என்றாய். வருகிறேன் என்றேன். சனிக்கிழமை நாந்தி டவுனில் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு விமான நிலையத்துக்குக் கிளம்பினேன், டாக்ஸி மார்டின்டார் வழியாகத்தான் போனது. நீ பிடித்திருந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடுவேனோ என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்றாவது வாரம் கராஜ் முதலாளி போன் பண்ணினார். வுந்தா மேட்டிலிருந்து இறங்கும்போது பின் ஆக்சில் முறிந்து, வண்டி பெட்டியோடு சாக்கடையில் சாய்ந்துவிட்டது. உனக்குச் சிராய்ப்பு. தங்கச்சிக்கு வலது முழங்கை நொறுங்கிவிட்டது. அந்தக் கை பிறகு நேராகவே இல்லை. ரொட்டி தேய்க்க முடியவில்லை. நீ அதே மார்டின்டாரில் ஒரு ஓட்டல் வாசலில் காவல்காரனாக நின்றாய்.

நான் உன்னைக் கூப்பிட ஒரு மாதம் ஆனது. சொல்லாமல் போனதற்குத் திட்டுவாய் என்று காதைத் தீட்டி வைத்திருந்தேன். நீ திட்டவில்லை. "அரே, நல்லா இருக்கியா?" என்றாய். பிறகு நீயாகவே சொன்னாய். "உன் வேலயில கொற இல்லப்பா. நீ எட போட்டுத்தானே குடுத்த. நாந்தான் பேராசப்பட்டு அப்புறமா தண்ணி டேங்க்கப் பெருசாக்கிட்டேன்."

"ஓ, அப்படியா" என்றேன்.

பொய் சொன்னதுகூடப் போகட்டும், அவசரத்தில் வந்தது. இந்த "அப்படியா" அவசரத்தில் வந்ததில்லை. நன்றாக யோசித்துச் சொன்னேன்.

இத்தனை வருஷத்தில் ஒரே தடவை உன் வீட்டுக்கு வந்தேன், உன் மகள் கல்யாணத்துக்கு. தங்கச்சி இடது கையால் டீ ஊற்றினாள். "பாத்தீங்களா அண்ணே, இவரு டேங்க் ஆசைக்கு என் கை போச்சு" என்று சிரித்தாள். பாதிதான் சிரிப்பு. நீ தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, ஆமா, என் புத்தி" என்றாய். நான் டீயைக் குடித்தேன். இன்னொரு கப்பும் வாங்கிக் குடித்தேன்.

போன வருஷம் சர்க்கரை வியாதியில் நீ போய்விட்டாய். டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன். அதுவும் பொய்.

மூன்று வாரத்துக்கு முன்பு தங்கச்சி கூப்பிட்டாள். உன் மருமகன் பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறானாம். அதன் மேல் பெட்டி வைத்து, மார்டின்டாரில் சாப்பாட்டுக் கடை போடப் போகிறானாம். உன் யோசனைதான், உன் மகள் விடவில்லை. போட்டோ அனுப்பியிருந்தார்கள். பின்பக்கம் ஒரு விரல்கூட இறங்கவில்லை.

"பட்டை கூடப் போட்டிருக்கான் அண்ணே. நீங்க ஒரு வார்த்த சொன்னா எனக்குத் தைரியம். தாங்குமா?"

அதே கேள்வி. அதே தமிழ். நாக்கு நுனியில் "தாங்கும்" என்று வந்து நின்றது, சத்தியமாகச் சொல்கிறேன். விழுங்கினேன்.

"தெரியாது தங்கச்சி. எடை போட்டாத்தான் தெரியும். அன்னைக்கு நான் போடல. போட்டேன்னு அவன்கிட்ட பொய் சொன்னேன். சூவாவுக்கு விசா எடுக்கப் போயிருந்தேன். டேங்க்னால இல்ல, வண்டி ஆரம்பத்துலயே அத தாங்கியிருக்காது."

அந்தப் பக்கம் கோழி ஒன்று கத்துவது கேட்டது. அழுவாள், சபிப்பாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"நான் அவரத்தானே திட்டினேன் அண்ணே. ஆஸ்பத்திரியில கெடந்தப்பக்கூட, என் கையக் கெடுத்தியேன்னு அவரத்தான் சொன்னேன்."

போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கும் முகம் இல்லை.

இன்று பாயை விரித்து முடித்து, பெட்டியை ஏற்றி, இங்கே இருக்கிற எடைமேடைக்குப் போனேன். தண்ணீரை நிரப்பி, வீட்டுக்காரியையும் உட்காரவைத்துத்தான் போட்டேன். எடை கூடுதலாக இருந்தது. பாதித் தண்ணீரைத் திறந்துவிட்டேன், அவளுடைய கல் உரலை இறக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே இறக்கினாள். இந்தப் பெட்டியில் ஏறி ஊர் சுற்ற எனக்கு இனி மனசு வருமா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால் உன் மருமகன் ஒரு சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். லவுத்தோக்கா மில் எடைமேடைச் சீட்டு. கூடுதலாகத்தான் காட்டியது. கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்: மாமா, பெட்டியைச் சின்னதாக்குகிறோம், அத்தைதான் கூடவே வந்து நின்று எடை போடச் சொன்னார்கள்.

வீட்டிலிருந்து கிளம்பி, எடை போட்டு, திரும்பி வர இருபது நிமிஷம்தான் ஆனது என்றும் எழுதியிருக்கிறான்.