ஜட்ஜ் ஐயா கேட்டபோது

நைனா,

இன்று காலை பாண்டி பஜாரில் ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனேன். தையல்காரர் கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்ததும் மெஷின் எண்ணெயும் புதுத்துணிக் கஞ்சியும் கலந்த வாசனை அடித்தது. "அளவு ரவிக்கை கொண்டுவரேன்" என்று சொல்லி இறங்கிவிட்டேன். நீ போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அப்பனுக்கு இப்போதுதான் மகள் எழுதுகிறேன்.

கோடம்பாக்கத்தில் சினிமாக்காரர்களுக்கு உடுப்பு தைத்தாய். வெளியூர் ஷூட்டிங் என்று கிளம்பினால் எப்போது வருவாய் என்று தெரியாது. வந்தால் அம்மாவோடு சண்டை. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தாய். மறுநாளே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அபிராமபுரத்தில் மாமா வீட்டுக்கு வந்துவிட்டாள். நீ பார்க்க வந்தபோதெல்லாம் மாமா வாசலோடு திருப்பி அனுப்பினார். கடைசியில் கோர்ட்டுக்குப் போனாய். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினான்கு வயது.

விசாரணைக்கு முந்தின நாள் மாமா என்னை எதிரில் உட்காரவைத்தார்.

"ஜட்ஜ் உன்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேப்பார். அம்மாகூட இருக்கேன்னு மட்டும் சொன்னா பத்தாது. அப்பா அடிப்பார்னு சொல்லணும்."

"நைனா என்னை அடிச்சதில்லியே மாமா."

"தட்டை எறிஞ்ச கை நாளைக்கு உன்மேல வராதா?"

அம்மா அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

ஜட்ஜ் ஐயா மெதுவாகத்தான் கேட்டார். "யார்கூட இருக்க ஆசைப்படறேம்மா?"

"அம்மாகூட."

அது உண்மை. அதோடு அவர் விட்டிருக்கலாம்.

"அப்பா அடிப்பாரா?"

கதவின் கண்ணாடி வழியே வராந்தாவில் நீ நிற்பது தெரிந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்துச் சிரித்தாய். உன்னைப் பார்த்தபடியே 'ஆமாம்' என்று தலையை ஆட்டினேன். அவர் குனிந்து எழுதினார்.

மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், மாமாவின் முன்னிலையில் என்று உத்தரவானது. முதல் ஞாயிறு என் பாவாடைக்கு அளவெடுக்க நாடாவோடு எழுந்து வந்தாய். மாமா பேப்பரைத் தாழ்த்தி, "அங்கேர்ந்தே பேசுங்க" என்றார். நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாய். பிறகு எனக்குத் தைத்ததெல்லாம் கண்ணளவுதான். வளர்கிற பெண் என்று எல்லாவற்றையும் சற்றுப் பெரிதாகவே தைத்தாய்.

ஒரு வருடம் கழித்து, மாமா ஊரில் இல்லாத ஒரு ஞாயிறு, பஸ் ஸ்டாப் வரை உன்னோடு வந்தேன்.

"அம்மாகூட இருக்கேன்னு சொன்னது சரிதான் கண்ணு. உன்னைக் கண்ணுல பாக்கவே விடலைன்னுதான் கேஸ் போட்டேன். கேஸ் வேணாம்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாபஸ் வாங்கிக்கினு போயிருப்பேன். அடிச்சேன்னு இன்னாத்துக்கு சொன்னே?"

பஸ் வந்துவிட்டது. நீ ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டாய். அடுத்த ஞாயிறு வழக்கம்போல வந்தாய். பிறகு நீ அதைக் கேட்கவேயில்லை.

ஆஸ்பத்திரியில் உன் கடைசி வாரத்தில்தான் எனக்கு வாய் வந்தது.

"நைனா, அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன்."

"அடிக்காதவன் நான், எனக்குத் தெரியாதா?" என்றாய். பிறகு, "தண்ணி குடு" என்றாய்.

உனக்குத் தெரிந்ததுதான். மற்றவர்களுக்குத் தெரியாதே. போன வாரம் என் மகள் உன் போட்டோவைத் துடைத்துக்கொண்டே, "தாத்தா உன்னை ரொம்ப அடிப்பாராமேம்மா?" என்று கேட்டாள். சின்ன வயதில் மாமா சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"ஒருநாள்கூட அடிச்சதில்ல. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

துடைப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை நீ இத்தனை வருடம் சுமந்தாய் நைனா. இப்போது அது என்மேல் இருக்கிறது. அது எனக்கு வரவேண்டியதுதான்.