வெள்ளவத்தைப் பூட்டு

வைகாசி 5, திங்கள்

கச்சான் காற்று காலையிலேயே தொடங்கிவிட்டது. சூடு, மணல், கண் எரிச்சல். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் மேசை முழுக்கத் தூசி. பாதி சாத்தி வைத்தேன். இரண்டும் வந்தது.

இன்று செய்தவை: புத்தகப் பெட்டி ஒன்று பிரித்தது. சுவரில் ஆணிகள் (ஒன்று வளைந்தது). கிணற்று மோட்டருக்கு ஆள் சொன்னது, வரவில்லை. பிரஷர் மாத்திரை போட்டது. போட்டேனா என்று பிறகு சந்தேகம்.

செட்டிபாளையம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே பெரிய வீதியும் வீடுகளும். வரைபட அலுவலகத்தில் இருந்த காலத்தில் இந்த வாவிக்கு எத்தனை தடவை நீலம் பூசியிருப்பேன். கரையில் சேறு மணக்கும் என்று ஒரு தடவையும் நினைத்ததில்லை.

வீடு மனைவி ப.வினுடையது. தாய் கொடுத்தது. இந்தப் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் வந்து இருப்பவன். கலியாணம் முடித்த உடனேயே அவளைக் கொழும்புக்குக் கூட்டிப்போய்விட்டேன். இப்போதுதான் முறைப்படி 'வந்து இருக்கிறேன்'. தெருவில் என்னைப் "பரமேசிர ஆள்" என்கிறார்கள், ப.வின் புருஷன் என்று. என் பெயர் இதுவரை யாருக்கும் தேவைப்படவில்லை.

மகளுடன் ஏற்பாடு: வைகாசி முடிய முன் முடிவு சொல்ல வேண்டும். இங்கேயே இருப்பதென்றால் வெள்ளவத்தை பிளாட்டை வாடகைக்கு விடுவாள். ஆள் காத்திருக்கிறது. ப.வுக்கு இருக்க விருப்பம். நான் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி வருகிறேன். அது உண்மையில்லை. எனக்குத் திரும்பிப் போக விருப்பம். இங்கே மட்டும் எழுதலாம்.

வாசல் படலையைப் பூட்டினேன். எழும்பிப் போய் இன்னொரு தரம் பார்த்தேன்.

வைகாசி 7, புதன்

காற்று கொஞ்சம் குறைவு. மீன்காரர் வரவில்லை. முன்பு தினமும் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தவர். சந்தியில் ரின் மீன், தகரத்தில் அடைத்தது, வாங்கினேன். வாவிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ரின் மீன்.

ப. பெட்டியிலிருந்து அரக்குச் சேலையை எடுத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். காரணம் கேட்டேன். அம்மன் கோயில் சடங்கு வருகிறதாம். கோயில் கதவு வருடத்தில் ஒரு தடவைதான் திறக்கும். வரும் திங்கள் திறப்பு. அம்மனுக்குப் பொங்கும் அரிசிக்குப் பெண்கள் உரலில் நெல் குற்றுவார்கள். ஒவ்வொரு குடிக்கும், அதாவது ஒரு தாய்வழியில் வந்த குடும்பங்களுக்கு, அதில் பங்கு உண்டு. ப.வின் குடியில் அந்த அழைப்பு இந்த வீட்டுக்குத்தான் வருமாம். தாய் சாகும்வரை போனவர். பிறகு வீடு பூட்டிக் கிடந்தது.

"இந்த முறை எனக்குச் சொல்லுவாங்க."

"போனில் சொல்லுவினமோ?"

"போனில சொல்ல இது என்ன பிறந்தநாளா? வட்டாவில வெத்திலை வைச்சு வீட்ட வந்துதான் சொல்லுவாங்க."

வட்டா என்றால் காலுள்ள பித்தளைத் தட்டு. எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. நான் அதில் மூக்குக்கண்ணாடி வைக்கிறேன்.

அவள் முகம் இருந்த விதம். கொழும்பில் அப்படிப் பார்த்ததாக நினைவில்லை. ஒருவேளை நான் கவனிக்காமல் இருந்திருக்கலாம்.

வைகாசி 9, வெள்ளி

கடும் வெயில். மின்சாரம் இரண்டு தரம் போனது. மோட்டர் ஆள் இன்றும் வரவில்லை.

பக்கத்து வீட்டு யோகம் வேலிக்கு மேலால் ப.வுடன் பேசியது, அறையிலிருந்து கேட்டது:

"எல்லாருக்கும் சொல்லி முடிஞ்ச மாதிரித்தான் அக்கா. உங்களுக்கு இன்னும் சொல்லலையா?"

"வருவாங்க புள்ள."

"தவராசா அண்ணன்தானே வட்டாவோட திரியிறார். உங்கட சின்னம்மாட மகன், உங்களுக்கு முதல்ல எல்லோ சொல்லியிருக்கணும்?"

ப. வாளியை வைக்கும் சத்தம்.

மாலையில் கொடியிலிருந்த சேலையை எடுத்து மடித்தாள். விளிம்போடு விளிம்பு வைத்து, மெதுவாக. பிறகு சொன்னாள்: "நாம கொழும்புக்கே போவம். என்னை இஞ்ச ஒருத்தருக்கும் தெரியல்ல. இவ்வளவு காலம் வராம இருந்திட்டு இப்ப வந்து நான் இந்த வீட்டுப் பிள்ளை எண்டா ஆரு ஏற்கிற?"

"யோசிப்பம்" என்றேன். அந்தச் சொல்லைத் தவிர எனக்கு வேறு சொல் தெரியாது போல.

முதலில் வந்தது கவலை இல்லை. சந்தோஷம். வெள்ளவத்தையில் என் ஜன்னல், மூலைக்கடைப் பேப்பர், நூலகத்து மின்விசிறிக்குக் கீழ் நாற்காலி, எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன் வந்தன. நான் கேட்காமலே கிடைத்துவிட்டது. அவள் அழுததாகத் தெரியவில்லை. விளக்கைப் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

வைகாசி 10, சனி

காலை கல்முனை பஸ்ஸில் களுவாஞ்சிகுடி. மாத்திரை, மின்குமிழ், முடி வெட்டல்.

சலூனில் கூட்டம். துணியைக் கழுத்துவரை சுற்றி, முகத்தில் நுரை பூசியாயிற்று. பின்னால் நீள வாங்கில் உட்கார்ந்தபடி இரண்டு பேர். செட்டிபாளையத்து ஆட்கள் என்று பேச்சில் தெரிந்தது. அப்படியே எழுதுகிறேன்:

"பரமேஸ் அக்காட வீட்டுக்குச் சொன்னயளா?"

"எங்க சொல்ற? ரெண்டு தரம் போனம். கடப்பில இந்தா பெரிய பூட்டு. கொழும்புக்குக் கிறுகிப் போயிட்டாங்க."

"சொல்லாமலா?"

"அதுதான் தவராசாக்குக் கோவம். அக்கா ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டா, நான் எதுக்குப் போன் எடுக்க எண்டு நிக்கிறான். மீன்கார மூர்த்தியும் போறல்லையாம், ஆளில்லாத வீட்டுக்கு ஹோர்ன் அடிச்சு என்ன செய்ய எண்டு."

"பாவம் அந்த மனுசி. வந்த உடனே என்ன சந்தோசமாத் திரிஞ்சா."

"அவவிர ஆளுக்குப் புடிச்சிருக்காது. கொழும்பு மனுசன்."

கடப்பு என்றால் படலை. பூட்டு என்னுடையது. வெள்ளவத்தை பிளாட்டின் இரும்புக் கதவிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தது. சங்கிலியைச் சுற்றி, கையை வெளியே விட்டுப் பூட்டினால்தான் சாவி இலகுவாகத் திரும்பும். ஆகவே பூட்டு தெருப்பக்கம் தொங்கும். பகலிலும் பூட்டுகிறேன். கொழும்பில் கதவு பூட்டியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். மணியை அடிப்பார்கள். இங்கே வெளியே பூட்டுத் தொங்கினால் ஆள் ஊரில் இல்லை. கூப்பிட்டும் பார்க்க மாட்டார்கள்.

திரும்பி, "நான்தான் அந்த ஆள், நாங்கள் போகவில்லை" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வசனம். நுரை காய்ந்தது. சொல்லவில்லை. கண்ணாடியில் அவர்கள் எழுந்து வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் நின்றபடி யோசித்தவை: சொல்லாமல் விட்டால் போய்விடலாம். அவளே போவோம் என்கிறாள். நான் ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை. ஆனால் தன்னை ஊர் மறந்துவிட்டது என்று அவள் சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பாள்.

மின்குமிழை பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

வைகாசி 11, ஞாயிறு

காற்று இல்லை. வாவிப் பக்கமிருந்து சேற்று மணம். பழகிவிட்டது போல.

விடிந்ததும் பூட்டைக் கழற்றினேன். படலையை அகலத் திறந்தேன். கதிரையைத் தூக்கிப்போய் வேப்பமரத்தடியில், தெருவிலிருந்து தெரியும்படி போட்டு, அதில் உட்கார்ந்து பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தால் ஆள் இருக்கிறது என்று தெரியும். என் திட்டம் அவ்வளவுதான்.

போன ஆட்கள் எல்லோரும் ஏதாவது கேட்டார்கள். பேப்பர் நேற்றையது.

"என்னையா, காத்து வாங்கிறயளா?"

"ஓம்."

"காத்தே இல்லையே!"

பத்து மணிக்கு மாடு ஒன்று உள்ளே வந்து ப. நட்ட செவ்வரத்தைச் செடியைத் தின்றது. பேப்பரை ஆட்டினேன். என்னைப் பார்த்துக்கொண்டே மென்றது. ப. விளக்குமாறுடன் ஓடி வந்து கலைத்தாள். பிறகு சங்கிலியை எடுத்துப் படலையைச் சாத்தி, பூட்டைப் போட்டாள்.

"போற வரைக்குமாவது பூட்டி வைங்க. நீங்கதானே ஒரு நாளும் மறக்காத ஆள்."

அந்த இடத்தில் சொன்னேன். சலூன், இரண்டு தரம் வந்தது, பூட்டு, எல்லாம். ஒழுங்காகச் சொல்லவில்லை. முன்னுக்குப் பின்னாக வந்தது.

அவள் படலைக் கம்பியைப் பிடித்தபடி கேட்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டது இதுதான்:

"உங்களுக்குக் கொழும்புக்குப் போகத்தானே ஆசை?"

"ஓம்."

"அப்ப மறுகா ஏன் சொன்னிங்க?"

மாடு முறித்த கிளையைப் பொறுக்கி எடுத்தேன்.

தவராசாவிடம் நான் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். "கேட்டு வாங்கினா அது அழைப்பில்ல. போனா நீங்க பூட்டினத்தச் சொல்லத்தான் போனதெண்டு ஒருத்தரும் நினைக்க மாட்டாங்க." சாவியை என்னிடம் கேட்டு வாங்கிப் பூட்டைத் திறந்தாள். செவ்வரத்தையைச் சுற்றி முள் வைத்தோம். இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்து எத்தனை காலம்.

வைகாசி 12, திங்கள்

கோயில் கதவு திறந்தாயிற்று. உடுக்குச் சத்தம் வீட்டுவரை கேட்கிறது. மீன்காரர் ஹோர்ன். ஓடினேன். "இருக்கிறயளா ஐயா! நான் ஆளில்லண்டு..." திரளி வாங்கினேன். தேவைக்கு மேல்.

கதிரையில் மாலைவரை. யாரும் வரவில்லை. ப. பார்க்காத மாதிரிப் பார்க்கிறாள். நாளைக்கு மறுநாள் நெல்லுக் குற்று.

வைகாசி 13, செவ்வாய்

காலை ப. கடற்கரைக்குப் போனாள், யோகத்துடன், கருவாட்டுக்கு. வீட்டில் நான் மட்டும்.

ஒன்பது மணியளவில் நாலு பேர். முன்னால் தவராசா, வேட்டி, தோளில் சால்வை, கையில் வட்டா. எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது.

"என்னத்தான், கொழும்பால எப்ப வந்த?"

"நாங்கள் போகேல்லை. இங்கதான்."

"அப்ப அந்தப் பூட்டு?"

"அது நான். பயத்தில."

"கள்ளனுக்கா? இந்த வீட்டில என்ன கிடக்கு? உங்கட புத்தகத்தத் தூக்கிற கள்ளனுக்கு நாங்கல்லோ கூலி குடுக்கணும்!" நாலு பேரும் சிரித்தார்கள். நானும். மூர்த்தி ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறாராம், பரமேசிர ஆள் கதிரை போட்டுக் கடப்பைக் காக்கிறார் என்று.

வட்டாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினேன். தவராசா பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நீங்க எடுக்கேலாது அத்தான். வீட்டுக்காரி எங்க?"

கடற்கரை என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இன்னும் இரண்டு வீடு இருக்கிறதாம், மத்தியானத்துக்கு முன் முடிக்க வேண்டுமாம். இன்னொரு தரம் வருவார்களா என்று கேட்க வாய் வரவில்லை.

செருப்பில்லாமல் ஒழுங்கை வழியால் கடலை நோக்கி ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேன், வேகமாக நடந்திருப்பேன். மணல் சுட்டது. தூரத்தில் இரண்டு பெண்கள், பையுடன். என் குரல் எட்டுமா என்று தெரியவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை, "இஞ்சேரும்" என்பதுதான்.

"பரமேஸ்வரி!"

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு தரமும் கூப்பிட்டேன்.

அவள் வந்தபோது நாலு பேரும் வேப்பமரத்தடியில்தான் நின்றார்கள். என் கதிரையை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அவள் கை கழுவி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, இரண்டு கையாலும் வெற்றிலையை எடுத்தாள். தவராசா, "அக்கா, நாளைக்கு விடிய" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

கருவாட்டுப் பையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வைகாசி 14, புதன்

காற்று மறுபடி. ப. விடியமுன் குளித்து, அரக்குச் சேலையுடன் போனாள். நான் கோயில் வீதியில் ஆண்கள் பக்கம். உலக்கை ஒன்றாக விழும் சத்தம், குரவை. எது அவளுடையது என்று பிரித்தறிய முயன்றேன். முடியவில்லை.

பக்கத்தில் நின்ற முதியவர் கேட்டார்: "நீங்க ஆரு?"

"பரமேஸ்வரியின்ட ஆள்."

"ஆ." கொஞ்சம் தள்ளி எனக்கு நிழலில் இடம் விட்டார்.

வந்ததும் அவள் உள்ளங்கையைக் காட்டினாள். இரண்டு கொப்புளம். எண்ணெய் பூசிவிட்டேன். சிரித்துக்கொண்டே இருந்தாள், காரணமில்லாமல்.

மகளுக்குப் போன் எடுத்தேன். நானே. பிளாட்டைக் கொடுத்துவிடு என்றேன். "அம்மா சொல்லச் சொன்னவவா?" "இல்லை." "அப்பா, நீங்க வடிவா யோசிச்சனீங்களா?" யோசிக்கவில்லை என்றேன். பிறகு, என் ஜன்னலோரக் கதிரையை லொறியில் போட்டு அனுப்பட்டுமா என்று கேட்டாள். அனுப்பச் சொன்னேன்.

பூட்டைச் சமையலறை ஆணியில் மாட்டினேன். வளைந்த ஆணிதான், ஆனாலும் தாங்குகிறது. கடப்புக்குக் குறுக்காக ஒரு தடி போதும் என்று தவராசா சொன்னார். நாளைக்குக் கொண்டுவந்து தருவாராம். அதுவரை மாட்டுக்கு என்ன செய்வதென்று கேட்க மற

மாடு. உள்ளே வந்துவிட்டது.