பெட்டியின் விலையும் மையின் விலையும்

ஒக்கலிபுரம், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஓஸ்வால்ட் அண்ணனுக்கு,

பாகீரதி எழுதுகிறேன். பெரம்பூரில் உங்கள் மகள் வீட்டுத் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? முட்டி வலி எப்படி இருக்கிறது? போனில் பேசலாம்தான். ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள்.

என் மகள் ரக்ஷிதா இரண்டாம் வருஷம் பி.யு.சி. படிக்கிறாள். ஜெராக்ஸ் கடையை நான்தான் பார்க்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் ஆதார், ரேஷன் கார்டு, வாடகை ஒப்பந்தம் என்று ஆள் வந்துகொண்டே இருக்கிறது. "ஒந்து கலர் காப்பி கொடி அக்கா" என்று கன்னடத்தில் கலர் நகல் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் போனதும் பதினாறு நாள் கடையைத் திறக்கவில்லை. திறந்தபோது அந்தச் சின்ன பிரிண்டரில் வெறும் கோடுதான் விழுந்தது. மை உறைந்துவிட்டதாம். கறுப்பு ஒன்று, கலர் ஒன்று, இரண்டு காட்ரிட்ஜும் போச்சு. புதுசு போட்டு, எத்தனை தாள் வருகிறது என்று சுவரில் கோடு கிழித்து எண்ணினேன். தொள்ளாயிரம் ரூபாய்க் கறுப்பு நூற்றைம்பது தாளில் தீர்ந்தது. தாளுக்கு மை மட்டுமே ஆறு ரூபாய். வருகிறவர்களிடம் நாம் வாங்கியதோ ஐந்து.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை அண்ணா. இரண்டு வருஷம் அவர் இப்படித்தான் ஓட்டியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நெஞ்சு வலியையும் அப்படித்தான் சொல்லாமல் வைத்திருந்தார்.

அவருடைய சிநேகிதராக நீங்கள், பாட்டில் மையை ஊற்றிக்கொள்ளும் டேங்க் வைத்த மெஷின் வாங்கச் சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறது. பதினைந்தாயிரம் என்றீர்கள். "நாலாயிரத்துக்கு ஷோரூம்ல புதுசே கிடைக்குது, இவருக்கு இதுல என்ன கமிஷனோ" என்று உங்கள் காதில் விழும்படிதான் சொன்னேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "தங்கச்சி, பெட்டி என்ன விலைன்னு பாக்காத, அது மாசத்துக்கு எவ்ளோ குடிக்குதுன்னு பாரு" என்றீர்கள். அவர் என் பேச்சைக் கேட்டு அந்த நாலாயிரத்துப் பெட்டியை வாங்கினார்.

அதன்பிறகு எஸ்.பி. ரோட்டுக் கடைகளிலிருந்து நீங்கள் காட்ரிட்ஜ் கொண்டுவரும்போதெல்லாம் கல்லாவில் தொள்ளாயிரம் குறைந்தது. உங்களால்தான் குறைகிறது என்று நினைத்தேன். அவரை எடுப்பதற்கு முன்னால், அத்தனை பேர் நடுவில், "எம் புருஷன உறிஞ்சித் தின்னது போதும், வெளிய போங்க" என்றேன். அந்தப் பெட்டியை வாங்க வைத்தது யார் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டு போனீர்கள்.

முப்பதாம் நாள் காரியம் கழிந்த வாரம் ஓர் ஆட்டோக்காரர் டேங்க் மெஷினை இறக்கிவைத்துவிட்டு, "காக்ஸ் டவுன்லேர்ந்து" என்று மட்டும் சொல்லிப் போனார். நாலு பாட்டில் மை, உங்கள் கையெழுத்தில் ஒரு தாள். நேரில் மன்னிப்புக் கேட்க, காக்ஸ் டவுனில் உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தேன். நீங்கள் பெரம்பூருக்கு ரயில் ஏறிவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

தாளில் எழுதியபடியே செய்கிறேன். வாரம் ஒரு கலர் பக்கமாவது ஓட்டுகிறேன். சுத்தம் செய்யும் பட்டனைச் சும்மா அழுத்துவதில்லை. கழிவு மை ஊறும் பஞ்சை ஒருநாள் மாற்ற வேண்டிவரும் என்று மாதம் நூறு தனியாக வைக்கிறேன். ஒரு கறுப்பு பாட்டில் ஐந்து மாதம் வருகிறது. இப்போது மையைவிடத் தாளுக்குத்தான் அதிகம் ஆகிறது. ரக்ஷிதாவுக்குக் காலேஜ் பீஸ் கட்டிவிட்டேன். நாங்கள் சாப்பிடுகிற சோறு உங்கள் புண்ணியம்.

ஆனால் ரக்ஷிதா இன்னும் நான் அன்று கத்தியதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்த மெஷினை யார் அனுப்பினார் என்று கேட்டதற்கு, தவணையில் வாங்கினேன் என்று பொய் சொன்னேன். உங்கள் பேரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். அவளிடம் உட்கார்ந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மாசியில் அவருக்குத் தலைத் திவசம். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. முட்டி இடம் கொடுத்தால் வாருங்கள் அண்ணா. கர்த்தர் உங்களை நல்லபடியாக வைக்கட்டும்.

இந்தக் கடிதத்தை நாளைக்கு ரக்ஷிதாதான் தபாலில் போடப் போகிறாள். கவரை ஒட்டாமல் அவள் கையில் கொடுக்கிறேன்.

உங்கள் தங்கை,
எ. பாகீரதி